குட்டியானைக்கு பிளைவுட் தளம்: போடலாமா, எவ்வளவு செலவு பண்ணலாம், கணக்கில் எங்கே எழுதணும்?

கமர்ஷியல் வண்டி லோன் பத்தி நம்ம சேனலில் பேச ஆரம்பிச்சதிலிருந்து ஒரு கேள்வி விடாம வந்துகிட்டே இருக்கு. "புது வண்டி எடுத்திருக்கேன், பின்னாடி லோடு தளத்துக்கு பிளைவுட் அடிக்கலாமா? அந்தச் செலவை வரியில் கழிச்சுக்கலாமா?" இதில் ரெண்டாவது கேள்விக்குப் பலருக்கும் பிடிக்காத பதில்தான் என்கிட்ட இருக்கு. முதல் கேள்விக்கு "போடலாம், ஆனா எப்படிப் போடுறீங்கங்கிறதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கு"ன்னு சொல்வேன்.

ஒரு ஆடிட்டர் பலகையைப் பத்தி ஏன் பேசணும்னு கேட்கலாம். காரணம் இருக்கு. இந்த வண்டி உங்க பேரில் இருக்கிற பெரிய சொத்துகளில் ஒண்ணு. நாலு, அஞ்சு வருஷம் இஎம்ஐ கட்டி முடிச்ச பிறகு கையில் மிஞ்சுறது அந்த வண்டியோட மறுவிற்பனை விலைதான். சின்ன கமர்ஷியல் வண்டியை விலை பேச வர்றவர் இன்ஜினைக் கேட்டுட்டு அடுத்து பார்க்கிறது பின்னாடி தளத்தைத்தான். தகடு துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா அங்கேயே விலை இறங்கிடும். பிளைவுட் அந்தத் தகட்டைக் காப்பாத்தவும் செய்யும், சத்தமில்லாம அரிச்சுத் தின்னவும் செய்யும். ரெண்டுக்கும் நடுவில் வித்தியாசம் சில ஆயிரம் ரூபாயும் கொஞ்சம் கவனமும்தான்.

முதலில், உங்க லோடுக்கு இது தேவையா?

டைல்ஸ், வீட்டுச் சாமான், வாஷிங் மெஷின், தண்ணி கேன், கேஸ் சிலிண்டர், அட்டைப்பெட்டி பார்சல். இந்த மாதிரி லோடு ஏத்துறவங்களுக்கு பிளைவுட் நல்ல தேர்வு. வெறும் தகட்டில் பொருள் வழுக்கும், அதிரும், மூலை உடையும். உடைஞ்ச டைல்ஸுக்குக் கடைக்காரர் வாடகையில் பிடிச்சுக்கிட்ட அனுபவம் உங்களில் நிறையப் பேருக்கு இருக்கும்.

மணல், ஜல்லி, பழைய இரும்பு ஏத்துறவங்க பிளைவுட்டை மறந்துடுங்க. மண்வெட்டி படுற இடத்தில் பலகை தாங்காது, அதுக்கு செக்கர்டு பிளேட்தான். மீன், இறைச்சி, பால் ஏத்துறவங்களுக்கும் வேண்டாம். பலகை ஈரத்தையும் வாடையையும் உறிஞ்சிக்கும், கழுவினாலும் போகாது. உணவுப் பொருள் ஏத்துற வண்டி சுத்தமா இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அலுமினியம் அல்லது ஃபைபர் ஷீட் பக்கம் போங்க.

பலகை வாங்குறதுக்கு முன்னாடி டேப் எடுங்க

டாடா ஏஸ் வகை குட்டியானையை உதாரணமா எடுத்துக்கிறேன். ஏஸ் கோல்டோட லோடு தளம் 2,200 மி.மீ. நீளம், 1,490 மி.மீ. அகலம். அதாவது சுமார் ஏழே கால் அடிக்கு, கிட்டத்தட்ட அஞ்சு அடி. கடையில் கிடைக்கிற பலகை 8 அடிக்கு 4 அடி. நீளம் மிஞ்சும், அகலம் கிட்டத்தட்ட ஒரு அடி பத்தாது. இங்கேதான் முதல் காசு வீணாகும். ஒரு பலகையை நீளவாக்கில் போட்டுட்டு, மிச்ச இடைவெளியில் கழிவுத் துண்டுகளை வெச்சு ஆணி அடிப்பாங்க. அந்தச் சின்னத் துண்டுகள்தான் முதலில் பெயரும்.

நான் சொல்றது வேற வழி. ரெண்டு பலகை வாங்கி, ரெண்டையும் குறுக்குவாக்கில் போடுங்க. ஒவ்வொண்ணும் 1,490-க்கு 1,100 மி.மீ. அளவில் வெட்டினா ரெண்டும் சேர்ந்து தளம் முழுசா மூடும். (சுத்திலும் அஞ்சு மி.மீ. குறைச்சே வெட்டுங்க, ஈரத்தில் பலகை உப்பும்.) இதில் ரெண்டு நன்மை. பலகையோட மேல் ரேகை எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம்தான் அது வளையாம நிக்கும். தளத் தகட்டில் இருக்கிற வரிகள் நீளவாக்கில் ஓடுறதால, குறுக்கே போட்ட பலகை வரிக்கு வரி பாலம் மாதிரி தாங்கும். இன்னொண்ணு, பணக் கணக்கில் இதுதான் முக்கியம்: 12 மி.மீ. கனத்தில் ஒவ்வொரு துண்டும் சுமார் 13 கிலோதான் வரும். தனி ஆளா தூக்கி வெளியே எடுத்துடலாம். ஏன் எடுக்கணும்? கொஞ்சம் கீழே வர்றேன்.

மிஞ்சுறது 3 அடி சொச்சம் அகலத்தில் ரெண்டு துண்டு. கடையிலேயே விட்டுட்டு வந்துடாதீங்க. கேபின் முதுகுப் பக்கம் தடுப்பா வைக்கலாம், பிரேக் அடிக்கும்போது லோடு முன்னாடி வந்து தகட்டை நசுக்காது.

12 மி.மீ.யா, 18 மி.மீ.யா? கடைக்காரர் 18-தான் "ஸ்ட்ராங்"னு சொல்வார். முழுத் தளத்துக்கு 12 மி.மீ. சுமார் 26 கிலோ, 18 மி.மீ. சுமார் 38 கிலோ. மாடலைப் பொறுத்து சுமார் 750 கிலோ ஏத்துற வண்டியில் இந்த எடை உங்க பேலோடிலிருந்துதான் கழியும். எடை மேடையில் பலகை தனி, சரக்கு தனின்னு பிரிச்சுப் பார்க்க மாட்டாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் ஓவர்லோடு அபராதம் 2019 திருத்தத்துக்கு அப்புறம் ₹20,000, அதோடு கூடுதல் டன்னுக்கு ₹2,000. எப்பவும் விளிம்பில் லோடு ஏத்துறவருக்கு 12 கிலோவும் கணக்குதான். தகட்டு வரிகள் தாங்குறதால பெரும்பாலான லோடுக்கு 12 மி.மீ. போதும். பீரோ, ஃபிரிட்ஜ் மாதிரி எடையெல்லாம் நாலு காலில் நிக்கிற சாமான் தினமும் ஏத்தினா மட்டும் 18-ஐ யோசிங்க.

எந்த கிரேடு? இங்கேதான் கணக்கு ஆரம்பம்

கடையில் மூணு பேர் கேள்விப்படுவீங்க. எம்ஆர், பிடபிள்யூஆர், மரைன். முதல் ரெண்டும் ஐஎஸ் 303 தரத்தில் வரும், மரைன் ஐஎஸ் 710. வித்தியாசம் மரத்தில் இருக்கிறதைவிட பசையில்தான் அதிகம். எம்ஆர் பலகையில் யூரியா பசை, வீட்டுக்குள்ள அலமாரிக்கு சரி. மழையில் நனையுற வண்டிக்கு அது அடுக்கடுக்கா பிரிஞ்சு வந்துடும். மத்த ரெண்டிலும் ஃபீனால் பசை, தண்ணி தாங்கும். நாலாவதா ஒண்ணு இருக்கு, பலரும் யோசிக்கிறதில்லை: கட்டட வேலைக்குப் பயன்படுத்துற சென்ட்ரிங் பிளைவுட். மேலேயும் கீழேயும் கருப்பு, பிரவுன் கலரில் ஃபிலிம் ஒட்டியிருக்கும். தண்ணி தாங்குறதுக்காகவே செஞ்சது. வழவழப்பா இருக்கும்கிறது ஒரு குறை, ஒரு பக்கம் சொரசொரப்பா வர்ற ஆன்டி-ஸ்கிட் ரகம் கிடைச்சா அதையே வாங்குங்க.

இப்ப காசு. கீழே வர்ற தொகையெல்லாம் கணக்குப் புரியுறதுக்காக நான் வெச்சது, உங்க ஊர் விலையைப் போட்டுப் பாருங்க.

மலிவு வழி: எம்ஆர் பலகை ₹3,000, கூலி ₹1,000, வண்டி ஒரு நாள் நின்னா போற வருமானம் ₹1,200. மொத்தம் ₹5,200. ஒரு மழைக்காலம் தாண்டாம ஒரு வருஷத்தில் மாத்த வேண்டியதா இருந்தா மாசத்துக்கு ₹433.

கொஞ்சம் செலவான வழி: தண்ணி தாங்குற பலகை ₹5,500, ஓரம் அடைக்க பிரைமரும் பெயின்ட்டும் ₹500, கூலி ₹1,500, அதே ஒரு நாள் வருமானம் ₹1,200. மொத்தம் ₹8,700. மூணு வருஷம் ஓடினா மாசத்துக்கு ₹242.

மூணு வருஷத்துக்கு முதல் வழியில் ₹15,600, ரெண்டாவது வழியில் ₹8,700. இதில் வண்டி நிக்கிற நாளைச் சேர்த்ததைக் கவனிச்சீங்களா? நம்ம ஆளுங்க பலகை விலையைப் பேரம் பேசி ₹200 குறைப்பாங்க, பட்டறையில் ரெண்டு நாள் வண்டி நிக்கிறதைக் கணக்கிலேயே எடுக்க மாட்டாங்க. பட்டறையில் வண்டியை விடுறதுக்கு முன்னாடியே அளவைக் கொடுத்துப் பலகையை வெட்டி, ஓரத்துக்குப் பெயின்ட் அடிச்சுக் காயவெச்சு ரெடியா வெச்சுட்டா, பொருத்துற வேலை அரை நாளில் முடிஞ்சுடும்.

வண்டியைத் தின்னும் பலகை

மேலே சொன்ன எல்லாத்தையும்விட பெரிய செலவு இங்கே ஒளிஞ்சிருக்கு. பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணி தங்கினா வெயில் படாது, காத்து போகாது. மேலே பார்த்தா தளம் பளிச்சுனு இருக்கும், கீழே தகடு துருவேறிக்கிட்டு இருக்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரி உப்புக் காத்து அடிக்கிற ஊரில் இன்னும் வேகம். நாலு வருஷம் கழிச்சு விற்கும்போதுதான் தெரியும். அப்ப தகடு வெட்டி வெல்டிங் வைக்க ஆகிற தொகைக்கு முன்னாடி பலகை விலை ஒண்ணுமே இல்லை. நம்பிக்கை இல்லைன்னா உங்க ஊர் டிங்கரிங் கடையில் தளத் தகடு மாத்த எவ்வளவுன்னு ஒரு தடவை விலை கேட்டுப் பாருங்க.

அதனால்தான் கழட்டி எடுக்கிற மாதிரி போடச் சொல்றேன். பலகைக்கு அடியில் பழைய டியூபைப் பட்டையா வெட்டி, தகட்டு வரிகளோட மேட்டில் மட்டும் ஒட்டுங்க. பள்ளம் திறந்தே இருக்கட்டும், தண்ணி அந்த வழியா பின்னாடி வடிஞ்சுடும். தளத்தில் கம்பெனி விட்டிருக்கிற வடிகால் ஓட்டையை எக்காரணத்தைக் கொண்டும் மூடாதீங்க. பலகையோட நாலு ஓரமும்தான் தண்ணி உறிஞ்சுற வாய், அங்கே ரெண்டு கோட் அடிங்க. மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை, முடிஞ்ச பிறகு ஒரு தடவை வெளியே எடுத்துக் கழுவி, தகட்டைக் காயவிட்டு, கீறல் இருந்தா பெயின்ட் வைங்க. ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேர வேலை.

தகட்டில் துளை போட்டு போல்ட் அடிக்கலாமான்னா, முடிஞ்சவரை வேண்டாம். ஒவ்வொரு துளையும் துருவுக்கு ஒரு வாசல். பலகை சுத்துச் சுவரோட சரியா பொருந்தினாலே பெருசா நகராது. ஏற்கெனவே கயிறு கட்டக் கொடுத்திருக்கிற கொக்கி, போல்ட் இடங்களைப் பயன்படுத்திக்கலாம். துளை போட்டே ஆகணும்னா கீழே குனிஞ்சு பார்க்காம டிரில் மெஷினைத் தொடவே விடாதீங்க. டீசல் டேங்க், பிரேக் பைப், வயரிங், சிஎன்ஜி வண்டின்னா சிலிண்டர், எல்லாமே அந்தப் பக்கம்தான். மின்சார வண்டியில் துளைங்கிற பேச்சே கூடாது.

ஆர்சி பிரச்சனை வருமான்னு சிலர் பயப்படுறாங்க. 52-ஆம் பிரிவு தடுக்கிறது வண்டியோட அடிப்படை அம்சம் மாறுற அளவுக்கு அமைப்பை மாத்துறதை. கழட்டி மாட்டுற பலகை அதில் வராது. ஆனா அதே ஆசாரி "அப்படியே சைடு உயரத்தையும் ரெண்டு அடி ஏத்திடலாம், மேலே கூண்டும் கட்டிடலாம்"னு சொன்னா அது வேற கதை. ஆர்டிஓ ஆபீஸில் கேக்காம செய்யாதீங்க. விபத்து கிளெய்ம் நேரத்தில் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்கிறது அதைத்தான்.

இப்ப வரி: "கழிச்சுக்கலாமா?"

வாடகைக்கு வண்டி ஓட்டி, வருஷத்தில் எப்பவுமே பத்து வண்டிக்கு மேல இல்லாதவர் பெரும்பாலும் 44ஏஇ-யில் கணக்கு காட்டுறார். மொத்த எடை 12 டன்னைத் தாண்டாத வண்டிக்கு மாசம் ₹7,500, அதாவது வருஷம் ₹90,000 வருமானம்னு எடுத்துக்குவாங்க. டீசல், டயர், தேய்மானம் எல்லாம் அதுக்குள்ளேயே கழிஞ்சுட்டதா அர்த்தம். அதனால பிளைவுட்டுக்கு ₹3,000 செலவு பண்ணினாலும் ₹30,000 செலவு பண்ணினாலும் வரியில் ஒரு ரூபாய் மாறாது. வண்டி பட்டறையில் நின்ன மாசத்துக்கும் அதே ₹7,500தான். சொந்தக் கடைக்கு வண்டி வெச்சுக்கிட்டு 44ஏடி-யில் 6% அல்லது 8% காட்டுற வியாபாரிக்கும் இதே பதில்தான். "வரி மிச்சமாகும், நல்லதாவே போட்டுடுங்க"ன்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. இது முழுக்க உங்க சொந்தக் காசு முடிவு. (2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேற, எண்ணைப் பார்த்துக் குழம்பாதீங்க.)

முறையா லெட்ஜர் எழுதி லாப நஷ்டக் கணக்கு காட்டுறவங்களுக்கு மட்டும்தான் அடுத்த கேள்வி: இது ரிப்பேர் செலவா, சொத்தா?

புது வண்டி எடுத்து ஓட்ட ஆரம்பிக்கும் முன்னாடியே தளம் போட்டா அது வண்டி விலையோடதான் சேரும். தேய்மானமா வருஷா வருஷம் கழியும். சொந்த வியாபாரத்துக்கு ஓடுற வண்டின்னா 15%, வாடகைக்கு ஓட்டுற வண்டின்னா 30%. அந்த வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா ஓடியிருந்தா அதில் பாதி. ஏற்கெனவே இருந்த தளம் கெட்டுப்போய் அதே மாதிரி மாத்தினா அது ரிப்பேர், அந்த வருஷமே முழுசா கழிக்கலாம். நம்ம ஊர் மில் ஒண்ணோட வழக்குதான் இதுக்கு அடிப்படை. சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம், இருக்கிற சொத்தைப் பேணிக் காக்கிறதுதான் நடப்பு ரிப்பேர், புதுசா ஒரு சொத்தைக் கொண்டுவர்றது ரிப்பேர் ஆகாதுன்னு பிரிச்சுக் காட்டிச்சு. ஓடிக்கிட்டிருக்கிற வண்டிக்கு முதல் தடவையா தளம் போடுறதுதான் இழுபறி. தகடு தேயாம இருக்கப் போடுற, ரெண்டு மூணு வருஷத்தில் தூக்கிப் போடுற பலகையைப் பராமரிப்புச் செலவில் எழுதுறதில் எனக்குத் தயக்கம் இல்லை. செக்கர்டு பிளேட் வெல்டிங் வெச்சு நிரந்தரமா போட்டா சொத்தில்தான் எழுதுவேன்.

தொகை எவ்வளவு மாறும்? கைக்காசா போன ₹7,500-ஐ எடுத்துக்கலாம். 20% ஸ்லாபில் இருக்கிறவர் செலவா எழுதினா இந்த வருஷம் ₹1,500 வரி குறையும். 15% தேய்மானத்தில் போனா ₹225 குறையும், மிச்சம் வர்ற வருஷங்களில் மெதுவா வரும். இந்த வித்தியாசத்துக்காக ஆடிட்டரோட ஒரு மணி நேரம் சண்டை போடத் தேவையில்லை.

ஜிஎஸ்டியில்தான் உண்மையா கையில் நிக்கிற காசு. பிளைவுட்டுக்கு 18%. கார் மாதிரி ஆள் ஏத்துற வண்டிக்குத்தான் 17(5)-ல் ஐடிசி தடை, சரக்கு வண்டிக்கு அந்தத் தடை இல்லை. ரெகுலர் ஜிஎஸ்டியில் இருந்து வரி உள்ள பொருளை விக்கிறவர்னா, ₹6,000 பலகை, பெயின்ட் பில்லுக்குள்ள இருக்கிற ₹915 திரும்பக் கிடைக்கும். அதுக்குப் பில்லில் உங்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கணும். அந்த ₹915-ஐ எடுத்துட்டு மறுபடியும் அதைச் செலவிலோ தேய்மானத்திலோ சேர்த்து எழுதக் கூடாது. காம்போசிஷன்காரருக்கு ஐடிசி கிடையாது. கன்சைன்மென்ட் நோட் இல்லாம வாடகைக்கு ஓட்டுற ஒத்தை வண்டிக்காரருக்கு அவரோட சேவைக்கே வரிவிலக்கு இருக்கிறதால அவருக்கும் கிடையாது.

"எனக்குத்தான் ஐடிசி இல்லையே, எஸ்டிமேட் ஸ்லிப்பில் வாங்கினா 18% குறையுமே"ன்னு தோணும். அங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த ஸ்லிப்பில் "பிளை 2 நம்பர்"னு மட்டும்தான் இருக்கும். கடைக்காரர் மரைன்னு சொல்லிக் கொடுத்தது ஆறு மாசத்தில் பிரிஞ்சு வந்தா, எதைக் காட்டிக் கேட்பீங்க? பில்லில் பிராண்டு, கிரேடு, கனம், ஐஎஸ் எண் நாலும் எழுதி வாங்குங்க. பலகையில் இருக்கிற ஐஎஸ்ஐ முத்திரையை வெட்டுறதுக்கு முன்னாடி போனில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, வெட்டின பிறகு முத்திரை எந்தத் துண்டில் போச்சுன்னு தேட முடியாது. கணக்கு எழுதுறவங்க ஒரே நாளில் ஒரே ஆளுக்கு ₹10,000-க்கு மேல ரொக்கமா கொடுக்காதீங்க, செலவாகவும் சேராது, சொத்து விலையிலும் சேராது. யுபிஐ-யில் அனுப்பிடுங்க.

கடைசியா, வண்டியை விற்கிற நேரம். வாங்க வர்றவருக்கு முன்னாடியே ரெண்டு பலகையையும் தூக்கி வெளியே வெச்சுடுங்க. மூடியே இருந்தா அடியில் ஏதோ மறைக்கிறீங்கன்னு நினைச்சு விலையைக் குறைப்பார். தகடு கம்பெனி பெயின்ட்டோட இருக்கிறதை அவர் கண்ணால் பார்க்கட்டும், விலை பேசி முடிச்ச பிறகு பலகை வேணுமான்னு தனியா கேளுங்க.